இருபது ஊர்களின் வண்ணக் கெண்டைகள்



இப்போதெல்லாம் கொஞ்சம் பெரிய ஓட்டலுக்கோ ஜவுளிக் கடைக்கோ போனால் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக முழங்கை நீள மீன்கள் சோம்பலாகச் சுற்றி வருகின்றன. பெரியவர்கள் துணி எடுக்கும் வரை பேரப் பிள்ளைகள் அந்தத் தொட்டியை விட்டு நகர்வதில்லை. என்ன மீன் என்று கேட்டால் 'கோய்' என்கிறார்கள். அழகான பெயர்தான். ஆனால் ஜப்பான் மொழியில் 'கோய்' என்றால் வெறும் கெண்டை, அவ்வளவுதான். வண்ணம் உள்ளதற்குத் தனிப் பெயர் 'நிஷிகிகோய்'. நிஷிகி என்றால் சரிகை வேலை செய்த பட்டு. நம் வழக்கில் சொன்னால் பட்டுக் கெண்டை.

இந்தப் பட்டு நெய்யப்பட்டது அரசர் அரண்மனையிலோ பணக்காரர் தோட்டத்திலோ அல்ல. பனி மலையில் நெல் பயிரிட்ட ஏழைக் குடியானவர்களின் சேற்றுக் குளத்தில். அந்தக் கதையையும், அதனூடாகக் குளத்து மீன் எப்படி வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதையும் இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு மீன் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அரசாணையும் இருக்கிறது, மனுவும் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் ஊமை மீன்

என்னைப் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கெண்டை முதலில் அறிமுகமானது தட்டிலோ தொட்டியிலோ அல்ல, 'திக்தே' நோட்டில். வாயே திறக்காத பையனை 'கார்ப் மீனைப் போல ஊமை' என்பது பிரெஞ்சு வழக்கு. வாயைத் திறந்து திறந்து மூடுமே ஒழிய ஒரு சத்தமும் வராது என்பது பொருள்.

அதே நோட்டில் இன்னொரு கதையும் வரும். பாரிசுக்குத் தெற்கே ஃபோன்தென்ப்ளோ அரண்மனையில் கெண்டைக் குளம் என்றே பெயர் கொண்ட பெரிய குளம் ஒன்று உண்டு. அதில் 16ஆம் நூற்றாண்டு அரசர் முதலாம் பிரான்சுவா காலத்து மீன்கள் இன்னும் நீந்துவதாகப் பயணிகளுக்குக் கதை சொல்வார்கள். இயற்கையியல் அறிஞர் ப்யூஃபோன்கூட 18ஆம் நூற்றாண்டில், போன்ஷார்த்ரேன் கோட்டை அகழியில் 150 வயதுக் கெண்டைகளைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

ஜப்பானிலும் இதற்குச் சளைக்காத கதை ஒன்று உண்டு. ஹனாகோ என்ற சிவப்புக் கெண்டை 1977ல் இறந்தபோது அதற்கு 226 வயது என்றார்கள். மரத்தின் வளையத்தை எண்ணுவது போலச் செதிலின் வளையங்களை எண்ணிச் சொன்ன கணக்கு அது. செதில் வளையம் அவ்வளவு நேர்மையான பதிவேடு அல்ல. தீவனம் குறைந்தாலும், நோய் வந்தாலும், வெப்பம் மாறினாலும் கூடுதல் வளையம் விழும். ஆகவே மீனியல் அறிஞர்கள் பலர் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. நல்ல தண்ணீரில் நல்ல கவனிப்பில் ஒரு கோய் 20 முதல் 40 ஆண்டு வாழும், சில அதற்கு மேலும் வாழும். அதுவே பெரிய ஆயுள். நாய், பூனையைவிட அதிகம். மீன் வாங்கும்போது நம் வயதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

பனிக்குள் இருபது ஊர்கள்

ஜப்பானின் பெரிய தீவில், ஜப்பான் கடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது நீகாத்தா மாநிலம். அங்கே நாகவோக்கா, ஓஜியா நகரங்களுக்குக் கிழக்கே உள்ள மலைப் பகுதிக்கு 'இருபது ஊர் நாடு' என்று பழைய பெயர். யாமகோஷி அதில் ஒரு பகுதி. குளிர் காலத்தில் அங்கே பனி ஆள் உயரத்துக்கும் மேல், சில வருஷம் மூன்று நான்கு மீட்டர் வரை குவியும். மாதக்கணக்கில் வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்து போகும்.

மலைச் சரிவில் படிப்படியாக வயல் வெட்டி நெல் பயிரிட்டார்கள். வயல்களுக்கு மேலே சிறு குளங்கள் வெட்டிப் பனி உருகிய நீரைத் தேக்கினார்கள். மலையின் விலாவில் கிடையாகக் குடைந்த கிணறுகளும் உண்டு. நம்மூர்க் கிணறு கீழே போகும், அவர்கள் கிணறு மலைக்குள் படுத்துக்கொண்டு போகும். அந்தக் குளத்து நீரில் கறுப்புக் கெண்டைகளை விட்டார்கள். பட்டுப்பூச்சி வளர்ப்பில் மிஞ்சிய கூட்டுப்புழு தீவனம். இப்படி வளர்ந்த மீன்தான் பனி மூடிய மாதங்களில் வீட்டாருக்குக் கிடைத்த புரதம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜப்பானியர் புங்கா, புன்சேய் என்று குறிக்கும் காலத்தில் (1804–1830), இந்தக் கறுப்பு மீன்களுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகச் சில குஞ்சுகள் தென்பட்டன. கன்றுக்குட்டியில் எப்போதாவது வெள்ளைச்சுட்டி விழுவது போல இயற்கையில் நடப்பதுதான். வேறு ஊராயிருந்தால் அதையும் குழம்பில் போட்டிருப்பார்கள். இவர்கள் தனியே எடுத்து வைத்தார்கள். நிறம் உள்ளதை நிறம் உள்ளதோடு சேர்த்தார்கள். பனிக்குள் அடைந்து கிடந்த ஊருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பிறகு அதுவே தொழிலானது.

இங்கேதான் அரசாணை வருகிறது. 1875 வாக்கில் வண்ணக் கெண்டை மோகம் ஏறி, விலை தாறுமாறாக உயர்ந்தது. இது சூதாட்டம் போல ஆகிவிட்டது என்று நீகாத்தா மாநில நிர்வாகம் வண்ண மீன் வளர்ப்புக்கே தடை போட்டது. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். சிறிது காலத்தில் தடை நீங்கியது. எந்த எழுத்தர் அந்த மனுவைப் படித்து, எந்தக் குறிப்போடு மேலே அனுப்பினாரோ! அவர் 'நிராகரிக்கலாம்' என்று எழுதியிருந்தால் இன்றைக்கு நம்மூர் ஜவுளிக்கடை வாசலில் இந்த மீன் இருந்திருக்காது.

1904ல் ஜெர்மனியிலிருந்து செதில் குறைந்த கெண்டை ஜப்பானுக்கு வந்தது. கண்ணாடிக் கெண்டை என்பார்கள். அதை உள்ளூர் நீலச் சாயல் மீனோடு சேர்த்து 'ஷூசூய்' என்ற வகையை உண்டாக்கினார்கள். 1914ல் டோக்கியோவில் நடந்த தாய்ஷோ கண்காட்சிக்கு இருபது ஊர் மீன்கள் போயின. தலைநகரம் வாய் பிளந்து பார்த்தது. பரிசும் கிடைத்தது. பட்டத்து இளவரசருக்கும் சில மீன்கள் காணிக்கையாகப் போயின. வெள்ளை உடலில் சிவப்பு விழுந்த 'கோஹாக்கு', அதில் கறுப்பும் சேர்ந்த 'தாய்ஷோ சன்கே', கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் கொண்ட 'ஷோவா' என்று வகைகள் பெருகின. தாய்ஷோவும் ஷோவாவும் பேரரசர்களின் ஆட்சிக் காலப் பெயர்கள். மீனுக்கு ஆட்சிக் காலத்தின் பெயரை வைத்தார்கள் என்றால் மதிப்பைப் பாருங்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தக் கண்ணாடிக் கெண்டை நமக்கும் உறவு. 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு 1957ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை இந்தியாவுக்கு வந்தது. இன்று மீன்வளத் துறையார் 'சாதாக் கெண்டை' என்று குளங்களில் விடுவது இந்தக் குடும்பம்தான். கோய் மீன் இதன் பட்டுச் சேலை கட்டிய தங்கை.

மீனின் உடம்பே அதன் குணம்

கோயின் வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். தங்கமீனுக்கு மீசை கிடையாது, அதை வைத்து அடையாளம் காணலாம். அந்த மீசை சுவை பார்க்கும் உறுப்பு. சேற்றை வாயால் உறிஞ்சி, தின்னத்தக்கதை வைத்துக்கொண்டு மீதியைத் துப்பும். குளத்தின் அடியைக் கிளறிக்கொண்டே இருப்பது அதன் பிறவிக் குணம். தொட்டியில் நட்ட செடியைப் பிடுங்கிவிட்டது என்று கோபப்படுவதில் பயனில்லை.

அதற்கு வாயில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குப் போகிறது. ஆகவே வயிறு முட்டத் தின்று ஓரமாகப் படுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். நம் காலடி கேட்டதும் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருவதைப் பார்த்துப் 'பாவம், பசி' என்று வாரி இறைக்கிறோம். அது பசி அல்ல, பழக்கம். ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரண்டு மூன்று முறை. மிச்சம் கிடந்தால் அது மீனுக்கு உணவல்ல, தண்ணீருக்கு நஞ்சு.

காலடி எப்படிக் கேட்கிறது? 1820ல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர், கெண்டைக் குடும்பத்து மீன்களில் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலியை விவரித்தார். காற்றுப்பை முரசின் தோல் போல அதிர, எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்துகின்றன. உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக் கோடு நீரின் அசைவை உணர்கிறது. ஊமை என்று பெயர் வாங்கிய மீன் செவிடு அல்ல, நல்ல காதுக்காரன். தொட்டிச் சுவரைத் தட்டி விளையாடும் பிள்ளைகளைக் கொஞ்சம் தடுக்க வேண்டியது இதனால்தான்.

தேனீயின் நடனத்தைக் கண்டறிந்தவர் என்று நாம் படித்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938ல் இன்னொன்றையும் எழுதினார். இந்தக் குடும்பத்துச் சிறு மீன் ஒன்றின் தோல் காயப்பட்டால், அதிலிருந்து நீரில் கரையும் ஒரு பொருள் மற்ற மீன்களை அஞ்சிச் சிதறச் செய்கிறது. குரல் இல்லாத கூட்டத்துக்குத் தோலே அபாய மணி. வலை போட்டு ஒரு மீனை முரட்டுத்தனமாகப் பிடித்தால் மற்றவை ஏன் மூலையில் ஒடுங்குகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

சேறு செய்யும் வேலை

இருபது ஊர்களின் மீன் ஆண்டு இப்படி ஓடும். வசந்தம் முடிந்து நீர் வெதுவெதுக்கும்போது முட்டையிட வைப்பார்கள். பெரிய பெண் மீன் ஒன்று சில லட்சம் முட்டைகள் இடும். நான்கைந்து நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் சேற்றுக் குளத்துக்குப் போகும். அங்கே பச்சை நீரில் நுண்ணுயிரைத் தின்று வளரும். கோடையில் வலை போட்டுப் பிடித்து, நிறமும் உடலும் பார்த்துப் பிரிப்பார்கள். மூன்று நான்கு முறை இப்படிப் பிரித்த பிறகு, லட்சக்கணக்கில் தொடங்கியதில் தேறுவது மிகச் சொற்பம். தேறாதவை பெரும்பாலும் வாழ்வதில்லை. நாம் வாயைப் பிளந்து பார்க்கும் ஒவ்வொரு கோய்க்குப் பின்னாலும் இந்தக் கழித்தல் கணக்கு இருக்கிறது. அழகை மட்டும் எழுதி இதை மறைப்பது சரியல்ல.

பெரிய மீன்களும் கோடை முழுவதும் மலைக் குளத்தில் இருக்கும். அக்டோபர் வாக்கில் குளத்தை வடித்து, மீன்களைக் கையால் பிடித்து, வீட்டுக்கு அருகே கூரை போட்ட தொட்டிகளுக்குக் கொண்டுவருவார்கள். பனி மூடும் முன் முடிக்க வேண்டிய அறுவடை அது. நெல் அறுவடையும் மீன் அறுவடையும் ஒட்டி ஒட்டி வரும்.

குளத்தை வருஷா வருஷம் வடிப்பதில் ஒரு பலன் உண்டு. பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே தோம்ப் என்ற பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் குளங்கள் இடைக்காலத்திலிருந்து இருக்கின்றன. அங்கே சில ஆண்டுகள் நீர் நிரப்பி மீன் வளர்ப்பார்கள். அந்தக் காலத்துக்கு 'எவோலாழ்' என்று பெயர். பிறகு ஓராண்டு முழுக்கக் காயவிட்டு அதில் தானியம் விதைப்பார்கள். அதற்குப் பெயர் 'அசெக்'. வெயில் பட்ட சேற்றில் ஒட்டுண்ணிகள் சாகின்றன, மண்ணுக்கு மூச்சு வருகிறது, அடுத்த சுற்று மீன் நன்றாக வளர்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு குடியானவர் கூட்டம் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறது. நம் முன்னோர் கோடையில் ஏரி வறண்டதும் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்ததும் இந்தப் பாடத்துக்குத் தூரத்து உறவுதான்.

தண்ணீர் என்ற கண்ணுக்குத் தெரியாத கணக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. பையில் கொஞ்சம் தண்ணீர், மேலே பிராணவாயு, வாயை இறுக்கிக் கட்டி விமானத்தில் ஏற்றினால் மீன் கடல் கடந்தது. 1968ல் அகில ஜப்பான் கோய் கண்காட்சி தொடங்கியது. நீகாத்தாக்காரரான பிரதமர் தனாகா ககுவேய் தம் டோக்கியோ வீட்டுக் குளத்தில் கோய்க்குத் தீவனம் போடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கெண்டை கௌரவச் சின்னமானது. 2018ல் ஒரே ஒரு மீன் 20 கோடி யென்னுக்கு மேல் விலை போயிற்று.

மீன் பயணப்பட்டது, சேறு பயணப்படவில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

மீன் தன் கழிவைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. சேற்றுக் குளத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். செடியும் பாசியும் அதை எடுத்துக்கொள்ளும். சிமெண்டுத் தொட்டியில் இந்த வேலையை வடிகட்டியின் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் செய்ய வேண்டும். அவை குடியேறித் தழைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி கட்டிய மறுநாளே இருபது மீன் விடுவது, சமையல்காரர் வரும் முன் பந்தி போடுவது மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு நண்பர், தொட்டி அழுக்காகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுத் தண்ணீரையும் இறைத்து, வடிகட்டிப் பஞ்சைச் சோப்புப் போட்டுத் துவைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினார். மாலைக்குள் ஏழு மீன்களும் மல்லாந்துவிட்டன. குழாய் நீரின் குளோரின் செவுளை எரித்துவிட்டது. பிழைத்திருந்தாலும், வேலைக்கார நுண்ணுயிரை அவர் ஏற்கெனவே சோப்பில் கழுவிவிட்டார். மனிதர் சுத்தமாக இருக்க நினைத்தார், பாவம். குளம் சுத்தமாக இருப்பதும் தரை சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. வாரம் ஒரு முறை பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு நீரை மட்டும் மாற்றுவது, குளோரின் போகும்படி நீரைப் பக்குவப்படுத்தி விடுவது, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுவது. இவ்வளவுதான் வேண்டியது.

இன்னொன்று வெயில். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ வெயிலில்தான் மூச்சு அதிகம் தேவை. வரவு குறையும்போது செலவு கூடும் குடும்பம் போல. நீகாத்தாக்காரன் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீவனத்தை நிறுத்துவான். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை, சித்திரை வைகாசிதான் கவலை. நிழலும் விடாமல் காற்றுக் குமிழும் வேண்டும். இரவெல்லாம் பாசியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது நம்மை வணங்கவில்லை, மூச்சுத் திணறுகிறது என்று அறிய வேண்டும்.

ஊமை மீன் உடம்பால் பேசும். தரையிலும் சுவரிலும் திடீரென்று உரசிக்கொண்டு பளிச்சென்று திரும்பினால் மீன் பேனோ நங்கூரப் புழுவோ வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம். துடுப்பை உடலோடு ஒட்ட வைத்துக்கொண்டு மூலையில் நின்றாலும், கூட்டத்தை விட்டு ஒதுங்கினாலும், தீவனத்துக்கு வராமல் இருந்தாலும் ஏதோ சரியில்லை. மருந்துப் புட்டியைத் தேடும் முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு இலையுதிர் காலங்கள்

தண்ணீரை எவ்வளவு கவனித்தாலும் தடுக்க முடியாத நோய் ஒன்று 1998ல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் தலைகாட்டியது. கோய் ஹெர்பிஸ் வைரஸ் என்று பின்னர் பெயர் பெற்றது. கோயையும் சாதாக் கெண்டையையும்தான் தாக்கும், மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நீர் சுமார் 16 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போது வெறியாடும். செவுள் அழுகும், கண் குழியும். ஒரு குளத்தில் நுழைந்தால் பத்தில் எட்டு ஒன்பது மீன், சில சமயம் எல்லாமே சாகும். மருந்து இல்லை. பிழைத்த மீன் பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே வைரசைச் சுமந்து திரியும்.

2003 இலையுதிர் காலத்தில் அது ஜப்பானில் வெளிப்பட்டது. டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள கசுமிகவுரா ஏரியில், உணவுக்காகக் கூண்டில் வளர்த்த கெண்டைகள் ஆயிரம் டன்னுக்கும் மேல் செத்து மிதந்தன. கெண்டைகளை இடம் விட்டு இடம் கொண்டு போவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வெளிநாடுகள் ஜப்பான் மீனைச் சந்தேகத்தோடு பார்த்தன. புது மீனை மற்ற மீன்களோடு உடனே சேர்க்காமல் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் வலுப்பட்டதற்கு இந்த நோய் ஒரு பெரிய காரணம். அதுவும் நீர் அந்த வெப்ப அளவில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் வைத்தால் நோய் ஒளிந்துகொண்டு 'நான் இல்லை' என்று சொல்லிவிடும்.

இந்த அடி ஆறும் முன் அடுத்த இலையுதிர் காலம் வந்தது. 2004 அக்டோபர் 23, சனிக்கிழமை, மாலை 5.56. ரிக்டர் காலத்து ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் 6.8 அளவு நிலநடுக்கம், நீகாத்தாவின் மலைப் பகுதிக்கு நேர் அடியில். மொத்தம் 68 பேர் இறந்தார்கள். யாமகோஷிக்குப் போகும் சாலைகள் எல்லாம் மண்சரிவில் அறுந்தன. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட ஊர் முழுவதையும் ஹெலிகாப்டரில் ஏற்றி நாகவோக்காவுக்கு இறக்கினார்கள்.

மீன் அறுவடை நடக்கும் மாதம் அது என்று முன்பே சொன்னேன். மலைக் குளங்களின் கரைகள் பிளந்து நீர் வடிந்தது. தொட்டிக்கு வந்து சேர்ந்த மீன்களுக்கு மின்சாரம் போனதால் காற்றும் நீரோட்டமும் நின்றன. தலைமுறை தலைமுறையாகக் காத்த தாய் மீன்கள் வளர்த்தவர் கண்ணெதிரே இல்லாமலேயே மூச்சடைத்துச் செத்தன. ஆற்றை மண்சரிவு அடைத்ததால் கொகோமோ என்ற சிற்றூரின் வீடுகள் நீரில் மூழ்கின.

ஊரை விட்டு வந்தவர்கள் முகாமில் சும்மா இருக்கவில்லை. பிழைத்த மீன்களைக் காப்பாற்றத் திரும்பிப் போனார்கள். சாலை இல்லாத மலையிலிருந்து மீன்களும், அந்த ஊருக்கே உரிய மோதல் காளைகளும் ஹெலிகாப்டரில் இறங்கின. வேறு இடத்து வளர்ப்பாளர்கள் தங்கள் தொட்டியில் இடம் கொடுத்தார்கள். வீட்டைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில் மீனா என்று சிலர் கேட்கலாம். வீட்டை மறுபடி கட்டலாம். ஐம்பது அறுபது ஆண்டு பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த ஒரு தாய் மீன் வரிசை அறுந்தால் பணம் கொடுத்து வாங்க முடியாது. விதை நெல்லைக் காப்பது போன்ற காரியம் அது. பசியிலும் விதை நெல்லைத் தொடாத குடியானவர்களின் பேரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2005 ஏப்ரலில் யாமகோஷி தனி ஊர் என்ற தகுதியை இழந்து நாகவோக்கா நகரோடு இணைந்தது. காகிதத்தில் ஊர் மறைந்தது. ஆனால் 2007 முடிவுக்குள் தற்காலிகக் குடியிருப்புகள் காலியாயின, திரும்ப விரும்பியவர்கள் மலைக்குத் திரும்பினார்கள். எல்லோரும் அல்ல. வயதானவர்கள் பலர் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள், இளையவர்கள் குறைந்தார்கள். திரும்பியவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று குளத்துக் கரையை அடைத்தது. 2017ல் பனி நீரை நம்பிய அந்த நெல், மீன் முறை ஜப்பானின் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக அரசு ஏற்பு பெற்றது. அதே ஆண்டு நீகாத்தா மாநிலம் நிஷிகிகோயைத் தன் மாநில மீனாக அறிவித்தது. 1875ல் தடை போட்ட அதே நிர்வாகம்! அரசுக் கோப்பு 142 ஆண்டு கழித்தாவது சரியான இடத்துக்கு வந்து சேர்ந்ததில் பழைய எழுத்தன் என்ற முறையில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கதையிலிருந்து சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் மீன் விடுங்கள். ஒரு பெரிய கோய்க்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். புது மீனைத் தனியே வையுங்கள். மின்சாரம் போனால் காற்றுக்கு என்ன வழி என்று போகும் முன்பே யோசித்து வையுங்கள், யாமகோஷியின் பாடம் அது. காலையில் பேப்பர் படிக்கும் முன் ஐந்து நிமிஷம் மீன் எப்படி நீந்துகிறது என்று பாருங்கள். தினம் பார்க்கிறவனுக்குத்தான் இன்றைக்கு ஏதோ வேறு மாதிரி இருக்கிறது என்பது தெரியும்.

அடுத்த பதிவு தோம்ப் குளங்களைப் பற்றி இருக்கலாம். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793ல் அந்த மாதிரிக் குளங்களை எல்லாம் வடிக்கச் சொல்லி ஒரு சட்டம் போட்டார்கள். அது தனிக் கதை. உடம்பும் கண்ணும் ஒத்துழைத்தால் எழுதுகிறேன்.